பழைய முத்து காமிக்ஸுக்கு எத்தனை வெள்ளி கொடுக்கலாம்?

வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் பழைய முத்து காமிக்ஸ் அட்டையைப் படம் எடுத்துப் போட்டு, கீழே ஒரு விலையும் போடுகிறார். மறுவாரம் அதே இதழுக்கு இன்னொருவர் கூட்டிக் கேட்கிறார். உடனே பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் வரை “விலை ஏறிப்போச்சு” என்று பேச்சு. ஏறியது கேட்கிற விலைதான். கடைசியில் எவ்வளவுக்குக் கைமாறியது என்பதை விற்றவரும் சொல்வதில்லை, வாங்கியவரும் சொல்வதில்லை.

அமெரிக்காவில் கதை வேறு. சூப்பர்மேன் முதலில் தலைகாட்டிய 1938ஆம் ஆண்டு ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழின் பிரதி ஒன்று, 2024 ஏப்ரலில் ஹெரிடேஜ் ஏலத்தில் 60 லட்சம் டாலருக்குப் போனது. அந்தப் பிரதிக்குப் பத்துக்கு 8.5 என்று, காமிக்ஸ்களுக்குத் தரம் பார்க்கும் சிஜிசி நிறுவனம் மதிப்பெண் போட்டிருந்தது. தமிழ் காமிக்ஸுக்குத் தரம் பார்க்கவும் ஆளில்லை, ஏலப் பதிவும் இல்லை. அமெரிக்காவுக்கு அனுப்பித் தரம் பார்க்கலாம் என்றால், பெரும்பாலும் அந்தச் செலவே புத்தக விலையைத் தாண்டிவிடும்.

வாங்குபவர்களும் கொஞ்சம் பேர்தான். 1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து ‘இரும்புக்கை மாயாவி’யோடு முத்து காமிக்ஸ் புறப்பட்டபோது படித்த பிள்ளைகள் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார்கள். 1984 ஜூலையில் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் வந்தபோது படித்தவர்கள் ஐம்பதை ஒட்டியவர்கள். கையில் காசும் மனத்தில் ஏக்கமும் உள்ள இவர்கள்தான் விலையைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். இவர்கள் பிள்ளைகளும் இதே விலை கொடுப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. இபிஎஃப் பணத்தை எடுத்து இதில் போடுகிறேன் என்பவர்களைத் தடுப்பது என் கடமை.

ஆசைக்கு வாங்குகிறீர்களா? தாராளமாக வாங்குங்கள். ஆனால் மாயாவி கதைகள் பின்னாளில் பலமுறை மறுபதிப்பாக வந்திருக்கின்றன. கதை படித்தால் போதும் என்றால் மறுபதிப்பே மலிவு, தாளும் நன்றாக இருக்கும். அசல்தான் வேண்டும் என்றால் அட்டைப் படத்தை மட்டும் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள். பதிப்பு விவரம் உள்ள பக்கம், நடுப்பக்கத்து ஸ்டேப்பிள் பின், முதுகு, பின்னட்டை, இந்த நான்கையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பின்னில் துரு ஏறித் தாளில் பழுப்பு வட்டம் விழுந்திருந்தால், அந்த இடம் சீக்கிரமே கிழியும். பின் மட்டும் பளபளவென்று இருந்து, பக்கத்தில் வேறு துளைகளும் தெரிந்தால், பிரித்துத் திரும்பக் குத்தியிருக்கிறார்கள். உள்ளே வேறு இதழின் பக்கங்கள் கலந்திருக்கலாம், எண்ணிப் பாருங்கள்.

அட்டையை நேரில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். அச்சில் மை தாளோடு ஒட்டி, புள்ளி புள்ளியாக இருக்கும். கலர் ஜெராக்ஸில் மை தாளின் மேலேயே மினுமினுக்கும். உள்பக்கமெல்லாம் பழுத்திருக்க, அட்டையின் உட்புறம் மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தால் சந்தேகப்படுங்கள்.

நம்மவர்களிடம் அதிகம் கிடைப்பது பைண்டிங் செய்த தொகுப்பு. நாலைந்து இதழ்களைச் சேர்த்துத் தைத்து, ஓரத்தைச் சீராக வெட்டியிருப்பார்கள். வெட்டிய ஓரம் திரும்ப வராது, அதனால் தனி இதழுக்குக் கேட்கும் விலையை இதற்குக் கொடுக்காதீர்கள். வீட்டில் அப்படியொன்று இருந்தால் விற்பதற்காகப் பிரிக்கவும் வேண்டாம். பிரித்தால் இருக்கிற மதிப்பும் போய்விடும்.

விலையை விட எனக்குப் பெரிய கவலை நம் ஊர்ப் புழுக்கம். அந்தக் காலச் செய்தித்தாள் காகிதத்தில் அமிலம் உண்டு. ஈரமும் சூடும் சேர்ந்தால் பழுத்து நொறுங்கும். லேமினேஷனும் செலோடேப்பும் கூடவே கூடாது. பாலிப்ரொப்பிலீன் உறை, பின்னால் அமிலமில்லாத அட்டை, பெட்டிக்குள் சிலிகா ஜெல், அவ்வளவு போதும். சிலிகா ஜெல்லை மட்டும் அவ்வப்போது மாற்றுங்கள். பூச்சி அரித்த புத்தகம் வந்தால் மற்றவற்றோடு சேர்க்காமல், காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் கட்டி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள், குளிர் முழுக்க இறங்கட்டும். பெட்டியைத் தரையில் வைக்கவே வேண்டாம். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம் ஸ்ரீ மூடா பட்ட பாட்டை மறந்துவிட்டீர்களா?

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அப்பாவின் பெட்டியை முதலில் கேட்டவரிடம் மொத்தமாகத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். இதழ் எண், வருடம், நிலைமை என்று பட்டியல் போட்டு இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள். பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மால் வார இறுதிச் சந்தையில் பழம்பொருள் வியாபாரிகள் உண்டு. ஆனால் அவர்கள் லாபம் வைத்து விற்க வேண்டியவர்கள், குறைத்துத்தான் கேட்பார்கள். படித்து வளர்ந்த சேகரிப்பாளர் கூடுதலாகக் கொடுப்பார். அவரிடமும் பணம் கைக்கு வந்த பிறகே புத்தகத்தைக் கொடுங்கள்.