கால் சிரைகளில் இரத்த உறைவு: அபாயமும் நோயறிதலும்

காலின் ஆழ்ந்த சிரைகளில் இரத்தம் உறைந்து கட்டியாகும் நோய் மேலை நாட்டினருக்கே உரியது, இந்தியரிடம் அரிது என்ற கருத்து நம் மருத்துவ வட்டாரங்களில் நெடுங்காலம் நிலவி வந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் 1996 முதல் 2005 வரையிலான பதிவேடுகளை மருத்துவர்கள் ஆராய்ந்தபோது வேறொரு நிலை தெரிந்தது. உள்நோயாளிகளாகச் சேர்ந்த ஒவ்வொரு 10,000 பேரிலும் 17-க்கும் மேற்பட்டோரிடம் இந்நோய் உறுதி செய்யப்பட்டிருந்தது. புற்றுநோயும் அறுவை சிகிச்சையும் முதன்மைக் காரணங்களாயிருந்தன. தேடாததால் காணப்படாத நோய் இது எனலாம்.

இரத்த ஓட்டம் தேங்குதல், சிரையின் உட்சுவர் சேதமுறுதல், இரத்தத்தின் உறையும் இயல்பு மிகுதல் ஆகிய மூன்றுமே இதற்கு அடிப்படை. கெண்டைக்கால் தசைகள் சுருங்கும்போதுதான் கால் இரத்தம் இதயத்தை நோக்கி மேலேறுகிறது. இடுப்பெலும்பு முறிந்து படுத்திருப்பவருக்கு அந்த இயக்கம் நின்றுவிடுகிறது. எலும்பு முறிவும் அறுவையும் மற்ற இரண்டு காரணங்களையும் சேர்த்துவிடுகின்றன. கருவுற்ற பெண்களுக்கும், பேறுகாலத்திற்குப் பிந்திய ஆறு வாரங்களிலும் அபாயம் கூடுதலாகும். கட்டி பெயர்ந்து நுரையீரல் தமனியை அடைத்தால் சில நிமிடங்களில் உயிர் போகலாம்.

இத்தகைய மரணங்களைத் தடுக்க முடியும் என்பதை மெய்ப்பித்தவர்களுள் ஒருவர், இலண்டனில் பணியாற்றிய இந்திய வம்சாவளி அறுவை மருத்துவர் விஜய் வீர் கக்கர். அவர் தலைமையில் நடந்து 1975-இல் வெளியான பன்னாட்டு ஆய்வில் 4,121 அறுவை நோயாளிகள் இடம் பெற்றனர். ஹெப்பாரின் மருந்தைச் சிறு அளவில் பெற்றோரில் இருவரும், பெறாதோரில் 16 பேரும் நுரையீரல் அடைப்பால் இறந்தனர். ஆயினும் இந்தியாவில் 2,058 நோயாளிகளைப் பற்றி 2012-இல் வெளியான ஆய்வின்படி, பாதிக்கும் மேற்பட்டோர் அபாய நிலையில் இருந்தும், அவர்களுள் ஏறத்தாழ 17 விழுக்காட்டினரே உரிய தடுப்பு முறையைப் பெற்றனர்.

நோயறிதலில் காலின் தோற்றத்தை மட்டும் நம்புவதற்கில்லை. வீக்கமும் வலியும் தோலடி அழற்சியிலும் உண்டு. யானைக்கால் நோய் பரவிய மாவட்டங்களில் இக்குழப்பம் இன்னும் மிகுதி. எனவே முதலில் அபாயத்தைக் கணக்கிட வேண்டும். கனடாவின் பிலிப் வெல்ஸ் வகுத்த மதிப்பெண் முறைக்கு ஓர் அளவு நாடா போதும்: முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் மேட்டிலிருந்து 10 செ.மீ. தாழ்வில் இரு கால்களையும் அளந்து, வேறுபாடு 3 செ.மீ.க்கு மேற்பட்டால் ஒரு மதிப்பெண். புற்றுநோய், பக்கவாதம், அண்மைய அறுவை, கால் முழுதும் வீக்கம் முதலியவற்றிற்கும் ஒவ்வொன்று. வேறொரு நோயே காரணமாயிருக்கக்கூடுமெனில் இரண்டைக் கழிக்க வேண்டும். வட்ட மருத்துவமனையிலும் செய்யத்தக்கது இது.

மதிப்பெண் குறைவாயிருந்து, டி-டைமர் என்னும் இரத்தப் பரிசோதனையும் இயல்பாயிருந்தால் இந்நோய் இல்லை என்று கொள்ளலாம். டி-டைமர் உயர்ந்திருப்பதாலேயே நோய் உறுதியாகிவிடாது. கர்ப்பம், தொற்று, முதுமை ஆகியவற்றிலும் அது உயரும். மதிப்பெண் மிகுந்தவருக்கு அல்ட்ராசவுண்டு சோதனை இன்றியமையாதது. கருவியால் அழுத்தும்போது நலமான சிரை தட்டையாகும். கட்டியுள்ள சிரை அமுங்காது. கெண்டைக்காலில் மட்டும் உள்ள சிறு கட்டி முதற் சோதனையில் தப்பக்கூடும். ஐயம் நீடிப்பின் ஒரு வாரத்திற்குள் மறுமுறை சோதிப்பது வழக்கம்.