விந்து முந்துதலுக்கு ஆண்மைக்குறைவு மாத்திரை உதவுமா?

மார்க்கச் சட்டம் கேட்டறிய அன்சாரிப் பெண்கள் வெட்கப்படவில்லை. இல்லறத்தைப் பாதிக்கும் நோயைப் பற்றிக் கேட்க நாமும் வெட்கப்பட வேண்டியதில்லை.

விறைப்புக் குறைவு வேறு, விந்து முந்துதல் வேறு. 1998 முதல் விற்பனையில் உள்ள சில்டெனாஃபில் (வயாகரா) இரத்த ஓட்டத்தைக் கூட்டி விறைப்புக்கு உதவும். முந்துதலுக்கான நேரடி மருந்து அல்ல. ஆனால், விறைப்பு போய்விடுமோ என்ற பயத்தில் அவசரப்படுபவருக்கு அந்தக் குறை சரியானால் முந்துதலும் குறையலாம். முந்துதல் மட்டும் இருப்பவருக்கு டபாக்செட்டின் மாத்திரை, மரத்துப்போகச் செய்யும் பூச்சு மருந்து, நிறுத்தித் தொடரும் பயிற்சி என வேறு வழிகள் உண்டு.

எச்சரிக்கை: நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர் சில்டெனாஃபில் சாப்பிட்டால் இரத்த அழுத்தம் திடீரென இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். 'மூலிகை' என்று விற்கப்படும் சில மருந்துகளிலும் இது ரகசியமாகக் கலக்கப்பட்டிருந்தது பிடிபட்டுள்ளது. விறைப்புக் குறைவு சர்க்கரை நோய், இதய நோயின் முன் அறிகுறியாகவும் இருக்கலாம்.

எனவே மருந்துக் கடைக்கு முன் மருத்துவரிடம் செல்லுங்கள்; முடிந்தால் மனைவியோடு செல்லுங்கள். தம்பதியரை ஒருவருக்கொருவர் ஆடை என்கிறது குர்ஆன் (2:187). ஆடை குறையை மறைக்கும், குத்திக் காட்டாது. அல்லாஹ் ஷிஃபா தருவானாக. ஆமீன்.