சங்கச் சரக்கு வண்டிக்கு எல்.இ.டி. பின்விளக்கு

விம்கோ நகர் என்னும் பெயர் தீக்குச்சித் தொழிலால் வந்தது. மேற்கு இந்தியத் தீக்குச்சிக் கம்பெனியின் ஆங்கிலப் பெயரிலுள்ள முதலெழுத்துக்களே ஊர்ப்பெயராக நிலைத்துவிட்டன. 2021-ஆம் ஆண்டு முதல் அங்கு மெட்ரோ ரயில் வந்து நிற்கிறது. ஆயினும் அப்பகுதிச் சாலைகளை ஆள்பவை சரக்கு வண்டிகளே. எண்ணூர் விரைவுச் சாலையிலும், மணலிச் சாலையிலும், திருவொற்றியூர்–பொன்னேரி–பஞ்செட்டிச் சாலையிலும் துறைமுகங்களுக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன. அவற்றின் இடையே காய்கறி மூட்டைகளையும் ஜவுளிப் பொதிகளையும் சுமந்து செல்லும் சிறு வண்டிகள் பல.

மக்கள் "குட்டி யானை" என்று அழைக்கும் டாடா ஏஸ் 2005-இலும், அசோக் லேலண்டின் தோஸ்த் 2011-இலும் விற்பனைக்கு வந்தன. விவசாயிகளும் நெசவாளர்களும் இத்தகைய வண்டிகளால் அடைந்த சௌகரியத்தை விவரிக்க வேண்டுவதில்லை. ஆனால் இரவில், பெரிய லாரி ஓட்டும் ஒருவர், தமக்கு முன்னே தாழ்வாகச் செல்லும் சிறு வண்டியை அதன் பின்விளக்கைக் கொண்டே அறிகிறார். அந்த விளக்கு மங்கினால் ஓட்டுநர் உயிரும் அங்கத்தினர் சரக்கும் ஆபத்துக்குள்ளாகும். எனவே பழைய பல்பு விளக்கை நீக்கி எல்.இ.டி. விளக்கைப் பொருத்தும் முறையை இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. இருவகை விளக்குகளின் வேறுபாடு

சாதாரண பல்பில் மெல்லிய இழை ஒன்று சூடேறி ஒளி தருகிறது. பின்விளக்கில் பெரும்பாலும் ஒரே பல்பில் இரண்டு இழைகள் இருக்கும். 5 வாட் இழை இரவு விளக்குக்கு. 21 வாட் இழை பிரேக் விளக்குக்கு. மேடு பள்ளமான சாலையின் அதிர்ச்சியால் இழை அறுந்துபோவது வழக்கம்.

எல்.இ.டி. என்பது ஒளியை உமிழும் டையோடு. கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளி தரும் டையோடை அமெரிக்க விஞ்ஞானி நிக் ஹோலோனியக் 1962-இல் செய்து காட்டினார். இதில் அறுந்துபோக இழை இல்லை.

இதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. பிரேக்கை மிதித்தவுடன் பல்பின் இழை சூடேறி முழு ஒளி தர ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வினாடி ஆகிறது. எல்.இ.டி. அக்கணமே எரிகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி ஒரு வினாடியில் சுமார் 16.7 மீட்டர் ஓடும். ஆகவே ஐந்தில் ஒரு பங்கு வினாடி என்பது 3.3 மீட்டர் தூரம். பின்னால் வருபவருக்கு இத்தூரம் கூடுதலாகக் கிடைப்பதே இவ்விளக்கின் தலையாய பயன்.

மின்சாரச் செலவும் குறையும். இரண்டு இரவு விளக்குகளும் எண் பலகை விளக்கும் சேர்ந்து 15 வாட் எனக் கொண்டால், 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 1.25 ஆம்பியர் இழுக்கும். வரிசையில் எட்டு மணி நேரம் நிற்கும் வண்டியில் இது 10 ஆம்பியர்-மணி. அதே விளக்குகள் எல்.இ.டி.யில் 3 வாட் ஆனால் 2 ஆம்பியர்-மணியே செலவாகும். விடியற்காலையில் பேட்டரி இறங்கிப் போகாமல் இருக்க இது உதவும். ஆனால் இதனால் டீசல் செலவு வெகுவாகக் குறையும் என்று எதிர்பார்ப்பது சரியன்று.

2. வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் புதுப்பேட்டையிலும் பலவகை விளக்குகள் கிடைக்கின்றன. விலையை மட்டும் பார்த்து வாங்கலாகாது.

(அ) பல்பை மட்டும் மாற்றுவதைவிட முழு விளக்கையும் மாற்றுவது மேல். பழைய கண்ணாடியும் பிரதிபலிப்பானும் இழையின் இடத்தைக் கணக்கிட்டு அமைக்கப்பட்டவை. வேறு வடிவமுள்ள எல்.இ.டி. பல்பை அதில் செருகினால் ஒளி சரிவரப் பரவாது.

(ஆ) சிவப்புக் கண்ணாடிக்குள் சிவப்பு எல்.இ.டி.யே இருக்க வேண்டும். வெள்ளை எல்.இ.டி.யை இட்டால் அதன் ஒளியின் பெரும்பகுதியைக் கண்ணாடி விழுங்கிவிடும்.

(இ) இரவு விளக்குக்கும் பிரேக் விளக்குக்கும் ஒளியில் தெளிவான வேறுபாடு இருக்க வேண்டும். மலிவான சில விளக்குகள் எப்பொழுதும் கண்ணைக் கூசச் செய்யுமாறு எரிகின்றன. அப்படியானால், பிரேக் பிடித்ததைப் பின்னால் வருபவர் எவ்வாறு அறிவார்?

(ஈ) ஐ.பி.67 என்ற குறி உள்ளதா எனப் பார்க்கவும். தூசி புகாது, ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் நீர் புகாது என்பது அதன் பொருள். பல்பின் சூடு விளக்குக்குள் சேரும் ஈரத்தை ஓரளவு உலர்த்திவிடும். எல்.இ.டி.யில் அச்சூடு குறைவு. புகுந்த ஈரம் தங்கிவிடும். உப்புக் காற்றும் மழைநீரும் மிகுந்த எண்ணூர்ப் பகுதிக்கு இது மிக அவசியம்.

(உ) தர அங்கீகாரக் குறியில்லாத விளக்கையும், கறுப்புச் சாயம் பூசிய கண்ணாடி உடையதையும் தள்ளிவிடவும்.

3. சட்டம் கூறுவது

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, வண்டியின் பின்புறம் இரண்டு சிவப்பு விளக்குகள் தெளிவான வானிலையில் 155 மீட்டர் தூரத்திலிருந்து தெரிய வேண்டும். எண் பலகை வெள்ளை ஒளியில் 15 மீட்டர் தூரத்திலிருந்து படிக்கத்தக்கதாக இருக்க வேண்டும். இண்டிகேட்டர் பழுப்பு மஞ்சள் நிறத்தில் நிமிஷத்திற்கு 60-க்குக் குறையாமலும் 120-க்கு மிகாமலும் மின்ன வேண்டும். நீலம், ஊதா முதலிய அலங்கார ஒளிகளைப் பின்புறம் பொருத்துவதும், பிரேக் விளக்கைத் தானே மின்னும்படி செய்வதும் தவறு. சிவப்புப் பிரதிபலிப்பான் பழைய விளக்கோடு சேர்ந்திருந்தால், புதிய விளக்கிலும் அது இருக்க வேண்டும். இல்லையேல் தனியே பொருத்த வேண்டும். விளக்குகள் யாவும் அணைந்தாலும் பின்னால் வரும் வண்டியின் ஒளியில் மின்னி எச்சரிப்பது அதுவே.

4. பொருத்தும் முறை

முதலாவது, சாவியை எடுத்துவிட்டு பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றவும்.

இரண்டாவது, பழைய விளக்கின் திருகுகளை நீக்கி, கனெக்டரைப் பிரிக்கவும். வயர்களை வெட்ட வேண்டாம். கனெக்டர் பொருந்தினால் அப்படியே செருகலாம். பொருந்தாவிட்டால் இடைக் கனெக்டர் வாங்குவது உத்தமம். கம்பெனி வயரிங்கை வெட்டினால் உத்தரவாதம் பாதிக்கப்படலாம்; விபத்துக் காலத்தில் இன்ஷூரன்ஸ் விசாரணைக்கும் இடம் ஏற்படும்.

மூன்றாவது, வயர்களின் நிறத்தை நம்பிச் சேர்க்கலாகாது. கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். பேட்டரியை மீண்டும் இணைத்து, டெஸ்ட் லைட்டின் ஒரு முனையை வண்டியின் இரும்பில் வைத்து, மற்றதை ஒவ்வொரு வயரிலும் தொட்டுப் பார்க்கவும். உதவியாளர் ஒருவர் இரவு விளக்கு, பிரேக், இண்டிகேட்டர், ரிவர்ஸ் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் போடட்டும். எதற்கு எந்த வயர் எனச் சீட்டு எழுதிக் கட்டிவிட்டு, நெகடிவ் முனையை மறுபடியும் கழற்றவும்.

நான்காவது, எர்த் வயர். எர்த் சரியில்லையேல் பிரேக்கை மிதிக்கும்போது இண்டிகேட்டர் மங்கலாக எரிவது போன்ற விந்தைகள் நேரும். சேஸிஸில் ஓரிடத்தில் பெயிண்டைச் சுரண்டி, லக் வைத்து போல்ட்டால் இறுக்கி, மேலே வாசலைன் தடவவும்.

ஐந்தாவது, வயர்களைச் சேர்க்கவும். பல்பு எப்பக்கம் மின்சாரம் பாய்ந்தாலும் எரியும், எல்.இ.டி. ஒரு பக்கம் பாய்ந்தால் மட்டுமே எரியும். பாசிடிவ், நெகடிவ் மாறக் கூடாது. முறுக்கி டேப் சுற்றுவது உப்புக் காற்றில் ஓராண்டும் தாங்காது. ஈயம் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாயை அதன்மேல் ஏற்ற வேண்டும்.

ஆறாவது, தகட்டுத் துளை வழியாக வயர் செல்லுமிடத்தில் ரப்பர் வளையம் இடவும். அன்றேல் அதிர்வில் உறை தேய்ந்து ஷார்ட் ஆகும். ஃபியூஸ் போனால் அதே ஆம்பியர் ஃபியூஸையே போட வேண்டும்.

5. இண்டிகேட்டர் விரைந்து மின்னுதல்

எல்.இ.டி. இண்டிகேட்டர் பொருத்தியபின் பல வண்டிகளில் அது படபடவென்று மின்னும். காரணம் எளிது. 21 வாட் பல்பு சுமார் 1.75 ஆம்பியர் இழுக்கும், எல்.இ.டி. கால் ஆம்பியரே இழுக்கும். ஃபிளாஷர், பல்பு ஒன்று போய்விட்டது எனக் கருதி விரைந்து மின்னி ஓட்டுநரை எச்சரிக்கிறது.

இதற்கு இரண்டு பரிகாரங்கள் உண்டு. ஒன்று, 6 ஓம் மின்தடையை இண்டிகேட்டருக்குப் பக்கவாட்டில் இணைப்பது. எஞ்சின் ஓடும்போது இது எரியும் ஒவ்வொரு தடவையும் சுமார் 32 வாட் மின்சாரத்தைச் சூடாக்கி வீணாக்கும். வண்டி பழுதாகி நான்கு இண்டிகேட்டர்களையும் நெடுநேரம் எரியவிட்டால் கையைச் சுடுமளவு கொதிக்கும். இதைப் பிளாஸ்டிக்கிலோ, பலகையிலோ, வயர்க் கட்டின் மீதோ வைத்தால் தீ பிடிக்கும் அபாயம் உண்டு. மேலே இருப்பது நூலும் பட்டும் பருத்தியுமான சரக்கு என்பதை நெசவாள அங்கத்தினர்கள் மறக்கலாகாது.

மற்றொன்று, எல்.இ.டி.க்கென்றே செய்யப்பட்ட மின்னணு ஃபிளாஷரை மாற்றுவது. சங்க வண்டிகளுக்கு இதுவே ஏற்றது. பழையதில் எத்தனை கால்கள், எந்த வரிசையில் உள்ளன என்று பார்த்து அதற்கு ஒத்ததை வாங்கவும். கணினிக் கட்டுப்பாடு உள்ள புதிய வண்டிகளில் கம்பெனி பணிமனையைக் கேட்காமல் கைவைக்க வேண்டாம்.

ஆனால் ஒன்று நினைவிருக்கட்டும். புதிய ஃபிளாஷர் பொருத்தியபின், விளக்கு போனாலும் விரைந்து மின்னி எச்சரிக்காது. அந்தக் காவலாளியை நாமே நீக்கிவிட்டதால், அவன் வேலையை நாமே செய்ய வேண்டும்.

6. சோதனையும் பராமரிப்பும்

வேலை முடிந்ததும் ஒருவர் வண்டியில் அமர்ந்து ஒவ்வொரு விளக்காகப் போட, மற்றொருவர் முப்பது அடி பின்னால் நின்று பார்க்கட்டும். பகல் வெயிலில் பிரேக் விளக்கு தெரிகிறதா? இரவில் இரவு விளக்கு எரியும்போதே பிரேக்கை மிதித்தால் வித்தியாசம் தெரிகிறதா? சரக்கு ஏற்றித் தார்ப்பாய் கட்டியபின் விளக்கு மறைகிறதா? இம்மூன்றாவது கேள்வியே பெரிதும் மறக்கப்படுவது. எத்தகைய விளக்கானாலும் தொங்கும் தார்ப்பாய்க்குப் பின்னால் அது இல்லாததற்குச் சமம்.

வாரம் ஒரு முறை ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைக்கவும். பருவமழைக்கு முன் கனெக்டர்களைத் திறந்து, பச்சை பூத்திருந்தால் சுத்தம் செய்யவும். மார்கழிப் பனியிலும் போகிப் புகையிலும் புறப்படுமுன் விளக்குகளைச் சோதிப்பதை ஓட்டுநர் வழக்கமாக்கிக் கொள்ள வேண்டும்.

சங்கத்தின் வண்டி ஒருவருடைய சொத்தன்று, அங்கத்தினர் அனைவருடையது. எனவே வண்டிப் பதிவேட்டில் "விளக்குச் சோதனை" என்று ஒரு பத்தியைச் சேர்த்து, புறப்படும் ஒவ்வொரு நாளும் ஓட்டுநரும் சரக்கு ஏற்றுபவரும் கையொப்பமிடுமாறு நிர்வாகக் குழு ஏற்பாடு செய்யலாம். செலவில்லாத இவ்வேற்பாடு விலையுயர்ந்த விளக்கைக் காட்டிலும் அதிகப் பாதுகாப்புத் தரும்.

பயிற்சி வினாக்கள்

1. எல்.இ.டி. பிரேக் விளக்கால் பின்னால் வருபவருக்கு மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் எவ்வளவு தூரம் கூடுதலாகக் கிடைக்கிறது? கணக்கிட்டுக் காட்டுக.

2. இண்டிகேட்டர் விரைந்து மின்னுவதன் காரணம் யாது? ஜவுளி ஏற்றும் வண்டிக்கு எந்தப் பரிகாரம் ஏற்றது? ஏன்?

3. உங்கள் சங்க வண்டியில் சரக்கு ஏற்றியபின், 155 மீட்டர் தூரத்தில் நின்று பின்விளக்குகளைப் பார்த்து, கண்டதை அடுத்த கூட்டத்தில் தெரிவிக்கவும்.