வெங்காயத் தோட்டத்துக் கிணறும் பைதனும்

கேள்வி: கோண்டாவிலில் வார இறுதிகளில் பைதன் மூலம் தரவு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ஏ.எல்.லில் மட்ஸ், பயோ, கொமர்ஸ், ஆர்ட்ஸ் செய்தவர்கள் எல்லாரும் ஒரே வகுப்பு. மட்ஸ் பிள்ளைகள் லூப்பை எழுதி முடித்துவிட்டு ஃபோனைப் பார்க்கிறார்கள். ஆர்ட்ஸ் பிள்ளைகள் வாயே திறப்பதில்லை. வகுப்பைப் பிரித்துவிடவா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம், ரீச்சர். லூப்பில் தொடங்கினால் மட்ஸ் பிள்ளைதான் முந்துவார். ஓர் அட்டவணையில் தொடங்கிப் பாருங்கள்.

அதற்குப் பொருளாக, யாழ் குடாநாட்டில் எல்லாருக்கும் தெரிந்த கிணற்று நீரை எடுங்கள். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு நமக்கில்லை. வழுக்கியாறுகூட மாரிக்கு மட்டும்தான். குடிப்பதும் வெங்காயத்துக்கு இறைப்பதும் சுண்ணக்கல்லுக்குள் தேங்கிய மழைநீர். பயிருக்குப் போடும் யூரியாவின் மிச்சம் நைத்திரேற்றாகி அதற்குள்தான் இறங்குகிறது.

முப்பது கிணறுகளுக்கு ஒரு பயிற்சி அட்டவணை தயாரியுங்கள். கற்பனை எண்கள் என்று மேலே எழுதிவிடுங்கள். ஆருடைய கிணற்றைப் பற்றியும் ஊரில் கதை கிளம்பக் கூடாது. சில வரிகளில் அளவை நைத்திரேற்றாகவும், சிலவற்றில் நைத்திரேற்றிலுள்ள நைதரசனாகவும் கொடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டல் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. அதையே நைதரசனாகச் சொன்னால் ஏறக்குறைய 11. இரண்டையும் கலந்து சராசரி எடுத்தால் விடை குப்பை. மட்ஸ் பிள்ளையும் இரசாயனம் படித்தவர்தான், ஆனால் கோட் பிழையில்லாமல் ஓடிவிட்டால் அலகைத் திரும்பிப் பார்க்கமாட்டார். ஆய்வுகூட அறிக்கையில் பழக்கம் உள்ள பயோ பிள்ளை ‘பொறுங்கோ’ என்பார். புவியியல் படித்த ஆர்ட்ஸ் பிள்ளை, நீர் எடுத்தது மாரிக்கு முன்னா பின்னா என்று கேட்பார். நீர் எடுத்த காலத்துக்கான நிரல் அட்டவணையில் இல்லாதிருந்தால் இன்னும் நல்லது. கொமர்ஸ் பிள்ளைக்கு எக்ஸெலில் பிவட் டேபிள் பழக்கமிருந்தால், பைதனின் பாண்டாஸ் நூலகத்திலுள்ள ‘குரூப்பை’ (groupby) பாதி தெரிந்த சங்கதி.

முதல் வகுப்பில் எழுதி முடித்த கோட் ஒன்றையே கொடுங்கள். எண்களை மாற்றி ஓட்டி, வரைபடம் எப்படி மாறுகிறதென்று பார்க்கட்டும். நைதரசன் அளவுகளை மட்டும் தேடி 4.43 ஆல் பெருக்க வேண்டி வரும்போது நிபந்தனைக் கூற்றைச் சொல்லிக்கொடுங்கள். லூப் அதற்கும் பிறகு.

இருவர் இருவராக, வேறு வேறு பிரிவுகளிலிருந்து சேர்த்து உட்காரவையுங்கள். விசைப்பலகை மெதுவாகச் செய்பவரின் கையில் இருக்கட்டும். ஆளுக்கு இரண்டு நிற ஒட்டுத்தாள்களும் கொடுங்கள்: முடிந்தால் பச்சை, சிக்கினால் சிவப்பு. ‘சொஃப்ட்வெயார் கார்பென்ட்ரி’ (Software Carpentry) நிரலாக்கப் பயிற்சிப் பட்டறைகளில் இது பழைய வழக்கம். கையை உயர்த்தக் கூச்சப்படும் பிள்ளையும் தாளை ஒட்டுவார்.

தாயங்கள், வகையீடு என்று வரும் கட்டத்தில் கணிதம் படிக்காதவர்களுக்குத் தனியாக ஒரு மணிநேரம் வையுங்கள். பிரிப்பதென்றால் அங்கே மட்டும்.