களை மருந்தும் கோதுமை ரகங்களும்

நம்பிக்கை: களைக்கொல்லியைத் தாங்கும் கோதுமை என்றாலே மரபணு மாற்றுப் பயிர்தான்.

உண்மை: அமெரிக்காவில் 2000களின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்த கிளியர்ஃபீல்டு கோதுமையில் வேற்று உயிரின் மரபணு எதுவும் இல்லை. விதைகளுக்குச் சோடியம் அசைடு என்ற ரசாயனத்தைக் காட்டி, அவற்றின் வாரிசுகளில் மருந்தடித்தும் சாகாதவற்றைப் பொறுக்கி வளர்த்தார்கள். மாறியது ஒரு நொதியில் ஒரேயொரு அமினோ அமிலம். மரபணு மாற்றுக் கோதுமையும் உண்டு. கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லியைத் தாங்கும் கோதுமையை மான்சான்டோ 2004இல் கைவிட்டது. அர்ஜென்டினா 2020இல் அனுமதித்த எச்பி4 கோதுமை, வறட்சியோடு குளுஃபோசினேட் என்ற களைக்கொல்லியையும் தாங்கும்.

நம்பிக்கை: தாங்கும் ரகம் எந்த மருந்தையும் தாங்கும்.

உண்மை: கிளியர்ஃபீல்டு தாங்குவது இமாசமாக்ஸ் என்ற மருந்தை, கோஆக்சியம் என்ற இன்னொரு வகைக் கோதுமை தாங்குவது குயிசலோஃபாப்பை. மாற்றி அடித்தால் களையோடு பயிரும் போகும்.

நம்பிக்கை: சாதாரணக் கோதுமை ரகங்களுக்குள் மருந்தைத் தாங்குவதில் வித்தியாசம் கிடையாது.

உண்மை: குளோர்டொலுரான் மருந்துக்குச் சில ரகங்கள் அசையாது, சில கருகிவிடும். அந்தத் தாங்குதிறன் 6பி குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவைப் பொறுத்தது. அதனால்தான் பிரிட்டனில் ரகப் பட்டியலைப் பார்த்துவிட்டு இந்த மருந்தை அடித்தார்கள்.

நம்பிக்கை: களை சாகவில்லையா? மருந்து போலி, அல்லது அளவு போதவில்லை.

உண்மை: போலி மருந்து இல்லாமல் இல்லை. ஆனால் ஹரியானா, பஞ்சாபில் நடந்தது வேறு. அங்கே ‘குல்லி தண்டா’ என்ற புல், கதிர் வரும்வரை கோதுமை மாதிரியே நிற்கும். இளம்பயிரில் அடித்தண்டின் செந்நிறத்தை வைத்துத்தான் இனம் காண வேண்டும். நெல்லுக்குப் பின் கோதுமை, கோதுமைக்கு ஐசோபுரோட்யூரான் களைக்கொல்லி என்று ஆண்டுதோறும் அதே மருந்தைத் தெளித்தார்கள். 1990களின் தொடக்கத்தில் அது வேலை செய்யாமல் போனது. கோதுமை அந்த மருந்தைத் தன் நொதிகளால் சிதைத்துத் தப்பிக்கும். களையும் அதே வழியைப் பிடித்துக்கொண்டது! மருந்தைத் தாங்கிய செடிகள்தான் விதை போட்டன. பிறகு வந்த குளோடினாஃபாப், சல்ஃபோசல்ஃப்யூரான் மருந்துகளுக்கும் பல வயல்களில் அதே கதி.

நம்பிக்கை: இனி தாங்கும் ரகம் வந்தால் குல்லி தண்டாவின் கதை முடிந்தது.

உண்மை: கிளியர்ஃபீல்டு போன்ற ரகத்தில் அடிக்கும் இமாசமாக்ஸ் முடக்குவதும் சல்ஃபோசல்ஃப்யூரான் முடக்குவதும் ஒரே நொதியைத்தான். அந்த நொதியே மாறிப்போன களை நிற்கும் வயலில் புது விதைக்குக் கூடுதல் விலை கொடுப்பது பெரும்பாலும் வீண் செலவு.