பேங்க் மெயில் வந்துச்சு, போன் சொல்லவே இல்ல: எனக்கு 8,640 ரூபாய் செலவு வெச்ச ஒரு செட்டிங்

இந்த வாரம் எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ் எதுவும் கிடையாது. உங்க போன்ல இருக்கிற மெயில் ஆப்பைப் பத்திதான் பேசப் போறோம். "இதுக்கும் பணத்துக்கும் என்னப்பா சம்பந்தம்?"னு கேட்டா, முதல்ல என் கதையைச் சொல்லிடறேன்.

2022-ல நடந்தது. என் சேவிங்ஸ் அக்கவுண்ட்ல காலேஜ் காலத்துல ஆரம்பிச்ச ஒரு ஜிமெயில் முகவரிதான் பதிவாகி இருந்துச்சு. அந்த முகவரியை வெளியில சொல்லவே கூச்சமா இருக்கும், அப்படி ஒரு பேர். வேலைக்குச் சேர்ந்ததும் ஒழுங்கான பேர்ல புது ஜிமெயில் ஆரம்பிச்சேன். பழைய முகவரிக்கு வர்ற மெயில் எல்லாம் தானா புதுசுக்கு வர்ற மாதிரி ஃபார்வர்ட் போட்டுட்டேன். பெரிய புத்திசாலித்தனம் பண்ணிட்டதா நினைப்பு வேற.

ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி, நான் கேள்வியே படாத ஒரு சைட்ல என் டெபிட் கார்டுல 8,640 ரூபாய் போயிடுச்சு. எஸ்எம்எஸ் வந்திருக்கு, ஆனா விளம்பர மெசேஜ் நடுவுல கண்ணுல படல. மெயிலும் வந்திருக்கு. போன் சத்தமே போடல. புதன் மத்தியானம் எதேச்சையா மெயிலைத் திறந்தப்போதான் பார்த்தேன். பதறிப்போய் அந்த மெயிலுக்கே ரிப்ளை போட்டேன்: "இது நான் பண்ணல, கார்டை பிளாக் பண்ணுங்க". கடமை முடிஞ்சதுன்னு நினைச்சுட்டு, ஆப்ல கார்டை ஆஃப் பண்ணிட்டு வேலையைப் பார்க்கப் போயிட்டேன்.

வியாழக்கிழமை பேங்க்ல இருந்து பதில் வந்திருக்கு. "தங்கள் பதிவு செய்யப்பட்ட மின்னஞ்சல் முகவரியில் இருந்து எழுதவும்." என் ரிப்ளை புது ஜிமெயில்ல இருந்து போயிருக்கு, அவங்க ரெக்கார்டுல இருக்கிறது பழசு. அந்தப் பதிலும் அப்டேட்ஸ் டேப்ல போய் உட்கார்ந்துடுச்சு. நான் அதைப் பார்த்தது அடுத்த திங்கள். நடுவுல இரண்டாவது சனி, ஞாயிறு. திங்கள் அன்னைக்குத்தான் முறையா புகார் பதிவாச்சு.

இந்த நாலு நாள் ஏன் முக்கியம்னு அப்போ எனக்குத் தெரியாது. 2017 ஜூலை 6-ம் தேதி ஆர்பிஐ ஒரு சுற்றறிக்கை விட்டுச்சு. நம்ம தப்பும் இல்லாம, பேங்க் தப்பும் இல்லாம, வெளியில எங்கேயோ தகவல் கசிஞ்சு பணம் போனா, பேங்க்ல இருந்து தகவல் வந்த 3 வேலை நாளுக்குள்ள சொல்லிட்டா நம்ம பொறுப்பு பூஜ்யம். முழுப் பணமும் திரும்ப வரணும். 4-ல இருந்து 7 வேலை நாளுக்குள்ள சொன்னா, சாதாரண சேவிங்ஸ் அக்கவுண்டுக்கு 10,000 ரூபாய் வரைக்கும் நம்ம தலையில. போன தொகை அதைவிடக் கம்மின்னா போன தொகை மொத்தமும் நம்மளது. 7 நாள் தாண்டிட்டா பேங்க் போர்டு வெச்சிருக்கிற கொள்கைப்படி. தகவல் வந்த நாளைக் கணக்குல சேர்க்க மாட்டாங்க. என் கணக்கு: புதன் ஒண்ணு, வியாழன் ரெண்டு, வெள்ளி மூணு, திங்கள் நாலு. 8,640 ரூபாய் 10,000-க்குள்ள வருது. சுத்தமா போச்சு.

பாதி தப்பு என்னோடது. முதல்ல கஸ்டமர் கேருக்குப் போன் பண்ணி புகார் நம்பர் வாங்கியிருக்கணும். ஆனா மீதி பாதி, ரெண்டே ரெண்டு செட்டிங். ஒண்ணு, மெயில் வந்ததும் போன் சொல்லணும். ரெண்டு, ரிப்ளை சரியான முகவரியில இருந்து போகணும்.

இன்னொரு விஷயம். அதே சுற்றறிக்கையில, வர்ற எஸ்எம்எஸ்ஸுக்கும் மெயிலுக்கும் அப்படியே ரிப்ளை பண்ணி ஆட்சேபம் சொல்ற வசதியை பேங்க் தரணும்னு இருக்கு. ஆக, ரிப்ளைங்கிறது சும்மா ஒரு பட்டன் இல்ல. சின்னத் தொகைக்கு எஸ்எம்எஸ் குறைஞ்சுட்டும் வருது. ஹெச்டிஎஃப்சி பேங்க் 2024 ஜூன் 25-ல இருந்து, யூபிஐ-ல 100 ரூபாய்க்குக் கீழ அனுப்பினாலும், 500 ரூபாய்க்குக் கீழ வந்தாலும் எஸ்எம்எஸ் கிடையாது, மெயில் மட்டும்னு அறிவிச்சுது. கார்டைத் திருடினவன் முதல்ல சின்னத் தொகையைப் போட்டுப் பார்க்கிற பழக்கம் உண்டு. அதுக்கு மெயில் மட்டும்தான் சாட்சின்னா, மெயில் ஆப் தூங்கக் கூடாது.

போன் ஏன் சொல்லல?

மெயில் போனுக்கு வர்றதுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு புஷ். சர்வருக்கு மெயில் வந்த உடனே அதுவே போனைத் தட்டி எழுப்பும், போஸ்ட்மேன் காலிங் பெல் அடிக்கிற மாதிரி. இன்னொண்ணு ஃபெட்ச். போனே 15 நிமிஷத்துக்கோ ஒரு மணி நேரத்துக்கோ ஒரு தடவை போய் "ஏதாவது வந்திருக்கா?"ன்னு கேட்கும். தெரு முனைக்குப் போய் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிற மாதிரி.

ஐபோன் வெச்சிருக்கிற நிறைய பேர் ஜிமெயிலை ஆப்பிளோட மெயில் ஆப்ல சேர்த்திருப்பாங்க. அங்க ஜிமெயிலுக்குப் புஷ் கிடையாது. முன்னாடி எக்ஸ்சேஞ்ச் முறையில சேர்த்துப் புஷ் வாங்க முடிஞ்சுது. 2013 ஜனவரி 30-ல இருந்து இலவசக் கணக்குகள்ல புதுசா அப்படிச் சேர்க்கிறதை கூகுள் நிறுத்திடுச்சு. மெயில் செட்டிங்ஸ்ல ஃபெட்ச் நியூ டேட்டானு இருக்கும், அதைத் திறந்து பாருங்க. ஐக்ளவுடுக்கும் ஆபீஸ் எக்ஸ்சேஞ்சுக்கும் புஷ் இருக்கும், ஜிமெயிலுக்கு ஃபெட்ச்தான். அதுலயும் "ஆட்டோமேட்டிக்கலி"னு இருந்தா, போன் சார்ஜ்லயும் வைஃபைலயும் இருக்கும்போதுதான் பின்னாடி மெயிலை எடுக்கும். பஸ்ல ஒரு மணி நேரம் போறீங்கன்னா, அந்த நேரம் முழுக்க அமைதி! எனக்கு ஆனது இதுதான். தீர்வு சிம்பிள்: பணம் சம்பந்தப்பட்ட ஜிமெயிலுக்கு ஜிமெயில் ஆப்பையே போடுங்க. அதுல புஷ் உண்டு.

ஆண்ட்ராய்டுல பிரச்சினை வேற. புஷ் இருக்கும், ஆனா பேட்டரியை மிச்சம் பண்றேன்னு சில போன்கள் ஆப்பையே தூங்க வெச்சிடும். ஜிமெயில் ஆப் ஐகானை அழுத்திப் பிடிச்சு, ஆப் இன்ஃபோ, அப்புறம் பேட்டரி. அங்க "அன்ரெஸ்ட்ரிக்டட்" குடுங்க. சில பிராண்டுகள்ல இதுக்கு வேற பேர் இருக்கும், அர்த்தம் ஒண்ணுதான். ஜிமெயில் ஆப்ல யாஹூ மாதிரி வேற கம்பெனி மெயிலைச் சேர்த்திருந்தா, அதுக்கு "சிங்க் ஃப்ரீக்வென்சி" 15 நிமிஷம், அரை மணின்னு இருக்கும். அதாவது அது ஃபெட்ச்.

இதெல்லாம் சரியா இருந்தும் சத்தம் வரலையா? அப்போ டேப்தான் காரணம். ஜிமெயில் இன்பாக்ஸை பிரைமரி, புரமோஷன்ஸ், சோஷியல், அப்டேட்ஸ்னு பிரிச்சு வைக்கும். வழக்கமா நோட்டிஃபிகேஷன் அடிக்கிறது பிரைமரிக்கு மட்டும். பேங்க் அலர்ட் பெரும்பாலும் போறது அப்டேட்ஸுக்கு. "பிரைமரியை மட்டும்தான் பார்ப்பேன்"னு சொல்றவங்க கவனிங்க.

இதைச் சரி பண்ண கம்ப்யூட்டர் வேணும், ஆப்ல ஃபில்டர் போட முடியாது. பிரவுசர்ல ஜிமெயிலைத் திறந்து, தேடும் பெட்டியோட வலது ஓரத்துல இருக்கிற ஐகானை அமுக்குங்க. ஃப்ரம் இடத்துல பேங்க் அலர்ட் வர்ற முகவரியைப் போடுங்க. பழைய அலர்ட்ல இருந்து காப்பி பண்றதுதான் பாதுகாப்பு, டைப் பண்ணாதீங்க. அடுத்து கிரியேட் ஃபில்டர். "பணம்"னு ஒரு லேபிள் போடுங்க, பிரைமரிக்கு மாத்துங்க, ஸ்பாமுக்கு அனுப்பாதேன்னு டிக் பண்ணுங்க. ஆண்ட்ராய்டுன்னா ஆப் செட்டிங்ஸ்ல மேனேஜ் லேபிள்ஸ் போய், அந்த "பணம்" லேபிளுக்கு மட்டும் ஒவ்வொரு மெயிலுக்கும் சத்தம் வர்ற மாதிரி வெச்சுக்கலாம். அதுக்கு முதல்ல அந்த லேபிளுக்கு சிங்க் ஆன் பண்ணணும், இதை மறந்துட்டு "வேலை செய்யல"ன்னு சொல்றவங்கதான் அதிகம்.

ஒரு வேண்டுகோள். எல்லாத்துக்கும் புஷ் வைக்காதீங்க. ஷாப்பிங் ஆஃபர், ஃபுட் டெலிவரி கூப்பன், ப்ரோக்கர் அனுப்புற "இன்னைக்கு மார்க்கெட்" எல்லாம் சத்தம் போட்டா, உண்மையான அலர்ட் வரும்போது கை தானா ஓரமா தள்ளிடும். என் போன்ல இப்போ சத்தம் போடறது பேங்க், கார்டு, வருமான வரி, அவ்வளவுதான். ஆபீஸ் மெயிலுக்கு அவுட்லுக் ஆப்லயே ராத்திரிக்கு டு நாட் டிஸ்டர்ப் வைக்கலாம், வெச்சிடுங்க. லாக் ஸ்கிரீன்ல மெயிலோட உள்ளடக்கம் தெரியாத மாதிரியும் மாத்திடுங்க, ஓடிபி மெயில்லயும் வருது.

ரிப்ளை யார் பேர்ல போகுது?

நம்ம ஒவ்வொருத்தருக்கும் குறைஞ்சது மூணு முகவரி இருக்கும். காலேஜ் காலத்தது, இப்போ இருக்கிறது, ஆபீஸ் குடுத்தது. ஃபார்வர்ட் பண்ணி ஒரே இடத்துல படிக்கிறது வசதிதான். ஆனா ஃபார்வர்ட் ஆகி வந்த மெயிலுக்கு ரிப்ளை அடிச்சா, அது வந்து சேர்ந்த முகவரியில இருந்துதான் போகும். எனக்கு நடந்தது அதுதான்.

ஜிமெயில்ல இதுக்கு "சென்ட் மெயில் ஆஸ்"னு ஒரு வசதி இருக்கு. இதுவும் கம்ப்யூட்டர்லதான்: செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ் அண்ட் இம்போர்ட். உங்க இன்னொரு முகவரியைச் சேர்த்தா, அது உங்களோடதுதானான்னு உறுதி செய்ய அங்க ஒரு மெயில் போகும். முடிஞ்சதும் கீழ ஒரு தேர்வு வரும். எப்பவும் டிஃபால்ட் முகவரியில இருந்தே ரிப்ளையா, இல்ல மெயில் எந்த முகவரிக்கு வந்துச்சோ அதுல இருந்தே ரிப்ளையா? ரெண்டாவதைத் தேர்ந்தெடுங்க. வாரக் கடைசியில ஃப்ரீலான்ஸ் பண்றவங்களுக்கு இது ரொம்ப நல்ல வசதி.

ஆனா பேங்க் விஷயத்துல இந்தச் சுத்துவழியை நான் சிபாரிசு பண்ண மாட்டேன். பழைய கணக்கையே ஜிமெயில் ஆப்ல ரெண்டாவது அக்கவுண்டா சேர்த்துடுங்க. அப்போ அந்தப் பெட்டிக்கு வந்த மெயிலுக்கு ரிப்ளை அதே பெட்டியில இருந்து போகும். ஐபோன் மெயில் ஆப்லயும் அப்படித்தான். அங்க இருக்கிற "டிஃபால்ட் அக்கவுண்ட்" புதுசா எழுதற மெயிலுக்கு மட்டும். எந்த ஆப்பா இருந்தாலும் அனுப்பறதுக்கு முன்னாடி ஃப்ரம் வரியை ஒரு செகண்ட் பாருங்க.

ஜிமெயில்ல பேருக்குப் பின்னாடி ஒரு பிளஸ் போட்டு "பேங்க்"னு சேர்த்து எழுதினாலும் உங்களுக்கே வரும். சில பேர் சாமர்த்தியமா அதையே பேங்க்ல பதிவு பண்ணியிருப்பாங்க. ரிப்ளை போறப்போ பிளஸ் இல்லாம போகும், பேங்க் சிஸ்டத்துக்கு அது வேற ஆள். புள்ளிக்கும் இதே கதைதான். ஜிமெயிலுக்குப் புள்ளி இருந்தாலும் இல்லாட்டியும் ஒண்ணு, ஆனா பேங்க் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஆபீஸ் முகவரியை எந்தப் பணக் கணக்குலயும் வைக்கவே கூடாது. சேலரி அக்கவுண்ட் திறக்கும்போது ஹெச்ஆர் அதைத்தான் ஃபார்ம்ல நிரப்பியிருக்க வாய்ப்பு அதிகம். கடைசி வேலை நாள் சாயங்காலம் அந்த மெயில் மூடிடும், அக்கவுண்ட் மட்டும் உங்க பேர்ல இருக்கும். நெட் பேங்கிங் புரொஃபைல், பிஎஃப் மெம்பர் போர்ட்டல், டிமேட், வருமான வரி இ-ஃபைலிங் போர்ட்டல் நாலையும் ஒரு ஞாயிறு உட்கார்ந்து பாருங்க. ஃபண்டுக்கு எம்எஃப் சென்ட்ரல்ல மாத்தலாம். ஃபண்டு ஃபோலியோ ரெண்டு முகவரியில சிதறி இருந்தா, மெயில் மூலம் கேட்கிற மொத்த ஸ்டேட்மென்ட்டும் பாதிதான் வரும். வருமான வரிக்கு ஒரு தனிக் குறிப்பு: ரிட்டர்ன்ல முரண் இருக்குன்னு மெயில் வந்தா பதில் சொல்ல 30 நாள். அந்த மெயிலுக்கு ரிப்ளை அடிச்சா யாரும் படிக்க மாட்டாங்க, போர்ட்டல்ல லாகின் பண்ணித்தான் பதில் தரணும்.

ரிப்ளை அடிக்கிற பழக்கத்தைத் திருடனும் பயன்படுத்துவான். மேல பேங்க் பேர் இருக்கும், ரிப்ளை டூ முகவரி வேற எங்கேயோ இருக்கும். ஜிமெயில் ஆப்ல அனுப்பினவர் பேருக்குக் கீழ "டு மீ"யை அமுக்கினா முழு முகவரியும் தெரியும். 2025 அக்டோபர் 31-க்குள்ள எல்லா பேங்க்கும் தங்களோட இணையதளத்தை டாட் பேங்க் டாட் இன்னுக்கு மாத்தணும்னு ஆர்பிஐ சொல்லியிருந்துச்சு, அதனால அந்த முடிவைத் தேடுங்க. சந்தேகம்னா ரிப்ளையே வேண்டாம், கார்டு பின்னாடி இருக்கிற நம்பருக்குப் போன் பண்ணுங்க. பணம் ஏற்கெனவே போயிட்டா 1930-க்கும்.

இப்போ ஒரு டெஸ்ட். போனை சார்ஜ்ல இருந்து எடுங்க, வைஃபையை ஆஃப் பண்ணுங்க, ஸ்கிரீனை அணைச்சு மேஜை மேல வைங்க. யூபிஐ-ல வீட்டுல யாருக்காவது ஒரு ரூபாய் அனுப்பச் சொல்லி இன்னொருத்தர் கையில குடுக்க வேண்டாம், நீங்களே அனுப்பிட்டு போனைத் திரும்ப வெச்சிடுங்க. அலர்ட் மெயில் எத்தனை நிமிஷத்துல சத்தம் போடுதுன்னு கடிகாரத்தைப் பாருங்க. சத்தம் வந்ததும் ரிப்ளையை அமுக்கி, எதுவும் எழுதாம, ஃப்ரம் வரியில என்ன முகவரி இருக்குன்னு மட்டும் படிங்க. பேங்க் ஆப்ல புரொஃபைலைத் திறந்து, அங்க இருக்கிற முகவரியோட புள்ளி, பிளஸ் உட்பட ஒத்துப் பாருங்க. ஒத்துப் போகலைன்னா, இந்தப் பக்கத்தை மூடிட்டு முதல்ல அதை மாத்துங்க.