அவசர வேளையில் விலையும் சட்டமும்

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் நான் ஐந்தாம் படிவ மாணவன். பேராக்கில் அப்பா நடத்தும் சிறிய மளிகைக் கடையில் முகக்கவரி தீர்ந்துபோனது. மொத்த வியாபாரி ஒருவர் ஒன்றுக்கு 90 சென் கேட்டார். இரசீது தர மறுத்தார். அன்று முகக்கவரியின் உச்சவரம்புச் சில்லறை விலையே 80 சென்தான். அப்பா வாங்காமல் அனுப்பிவிட்டார். பக்கத்து வீட்டு அக்கா, “பதுக்கி வெச்சிருக்கீங்களாண்ணே?” என்று கேட்டார். அப்பா அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை. சட்டத்தை மதித்தவருக்கு ஏன் இந்தப் பெயர்? இக்கேள்விதான் என்னை அச்சட்டத்தைத் தேடிப் படிக்க வைத்தது.

1946ஆம் ஆண்டின் விலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்திற்கு மாற்றாக, 2011இல் விலைக் கட்டுப்பாடு, கொள்ளை இலாபத் தடுப்புச் சட்டம் நடப்புக்கு வந்தது. இதில் இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, உச்சவரம்பு விலை. குறிப்பிட்ட பொருளுக்கு அரசு விலை நிர்ணயித்தபின் அதற்கு மேல் விற்பது குற்றம். இரண்டாவது, கொள்ளை இலாபத் தடை. உச்சவரம்பு இல்லாத பொருளாயினும் நியாயமற்ற அளவுக்கு இலாபம் வைப்பது குற்றம். கொள்ளை இலாபம் ஈட்டும் தனிநபருக்கு முதல் குற்றத்திற்கே 100,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். நிறுவனத்திற்கு அபராதம் 500,000 ரிங்கிட் வரை.

முதல் வழி எளிது; விற்ற விலையைப் பார்த்தாலே குற்றம் தெரிந்துவிடும். ஆனால் கொள்முதல் விலை ஏறி, உச்சவரம்பு ஏறாவிட்டால் நேர்மையான கடையில் பொருள் இருக்காது. அதனால்தான் அதே மார்ச்சில் உச்சவரம்பு 2 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. பின்னர் ஏப்ரலில் 1.50, ஆகஸ்டில் 1.20, நவம்பரில் 1 ரிங்கிட் எனப் படிப்படியாகக் குறைக்கப்பட்டது.

இரண்டாம் வழி சிக்கலானது. இலாபத்தைக் கணக்கிட, கொள்முதல் விலைக்குச் சான்று வேண்டும். மொத்த வியாபாரியையும் இச்சட்டம் கட்டுப்படுத்துகிறது. ஆயினும் இரசீது இல்லாத வியாபாரத்தில், விலை எந்தக் கையில் ஏறியது என்பதை எப்படி நிறுவுவது? பழி கடைசியில் நிற்கும் சில்லறைக் கடைக்காரர் மேல்தான் விழும்.

ஏப்ரலில் சரக்கு வந்ததும் அப்பா முதல் பெட்டியை அந்த அக்காவிடம்தான் கொடுத்தார், இரசீதோடு.

நண்பர்களே, நெருக்கடி நேரத்தில் மக்களைக் காப்பது தண்டனை மட்டுமன்று; காலத்தோடு மாறும் உச்சவரம்பும், ஒவ்வொரு படியிலும் இரசீதும் வேண்டும். முன்னதை அரசு செய்யட்டும். பின்னதைப் பயனீட்டாளராகிய நாம் இன்றே கேட்டு வாங்கத் தொடங்குவோம்.